இரத்தோட்டையில் ஒரு சனிக்கிழமை

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஏலக்காய் பார்க்கப் போயிருந்த ஏலியா, வெள்ளிக்கிழமை பின்னேரம் இரத்தோட்டைக்கு இறங்கி வந்தபோது, மாத்தளைக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. பஸ் இல்லை. கொச்சியிலிருந்து இலங்கைக்கு வந்த அந்த வியாபாரியைத் தன் வீட்டிலேயே தங்கிப் போகும்படி அழைத்தார் ஏலக்காய்க் கடை ஸெய்னுலாப்தீன்.

வந்தவர் உட்காரவில்லை. வாசலுக்கு வந்து வந்து வானத்தையே பார்த்தார்.

"மழையப் பாக்கிறீங்களா?" என்று கேட்டார் ஸெய்னுலாப்தீன்.

"இல்ல, சூரியன. அது மறையிறதுக்கு முன்னால நான் விளக்கேத்தணும். எண்ணெய் விளக்கு கிடைக்குமா?" ஏலியாவின் தமிழில் மலையாளம் மணத்தது. "நான் யூதன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைஞ்சா எங்களுக்கு ஷப்பாத், ஓய்வு நாள். சனி மறையிற வரைக்கும் தீ மூட்ட மாட்டோம், யாவாரம் பேச மாட்டோம், பிரயாணம் போக மாட்டோம். நாளைக்கே பாதையத் திறந்தாலும் நான் போக ஏலாது."

வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய் லாம்பு மட்டுமே. ஸெய்னுலாப்தீனின் மனைவி றமீஸா வேலிக்கு மேலாக எட்டி, அடுத்த வீட்டுப் பாப்பம்மாவைக் கூப்பிட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்து, இப்போது வெற்றிலைக் கடை போட்டிருப்பவள் பாப்பம்மா. சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தவள், இரண்டு அகல் விளக்குகளோடு வந்தாள்.

"உங்களுக்கு ஜும்மா, எனக்கு வெள்ளி விளக்கு, இவருக்கும் வெள்ளிக்கிழமையா? பாவம், அந்த நாளுக்கு ஓய்வே இல்ல போல!"

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. றமீஸா வைத்த கோழிக்கறியை ஏலியா தொடவில்லை. அவள் முகம் சுருங்கியது.

"பிஸ்மி சொல்லி அறுத்த கோழி. பன்றியும் இல்ல, ரத்தமும் இல்ல. இன்னும் என்ன வேணுமாம்?" என்று கணவனிடம் முணுமுணுத்தாள்.

அது ஏலியாவின் காதில் விழுந்துவிட்டது. "கோபப்படாதீங்க சகோதரி. எங்களுக்கும் பன்றி ஆகாது, ரத்தம் ஆகாது. ஆனா அறுக்கிறவர் எங்க ஆளா இருக்கணும். அதுக்குன்னே படிச்சிருக்கணும்."

"கோழி அறுக்கப் படிப்பா?" றமீஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழமும் அவலும் தேங்காய்ப்பூவும் கொண்டுவந்து வைத்தாள். அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசல் தர்மகர்த்தா மீராசாஹிப் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஸெய்னுலாப்தீன், ஒங்கட ஊட்டுல யஹூதி ஒருத்தர் தங்கி ஈக்கிறாராமே? பலஸ்தீனத்துல நம்ம சனம் ஊரு வாசல விட்டு ஓடினது மறந்து போச்சா?"

ஸெய்னுலாப்தீன் கதிரையை இழுத்துப் போட்டார். உள்ளே இருந்த ஏலியாவே எழுந்து வெளியே வந்தார்.

"ஸலாம். நான் பலஸ்தீனத்தைக் கண்ணால கண்டதில்ல ஹாஜியார். ஓடினவங்க வேதனைக்கு என்கிட்ட பதிலும் இல்ல. கொச்சியில எனக்கு அடுத்த வீடு முஸ்லிம் வீடு. அவங்க பெருநாளுக்குப் பலகாரம் வராம இருந்ததில்ல."

மீராசாஹிப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஓதுறீங்க நீங்க?"

பேச்சு அங்கே பிடித்துக்கொண்டது. மீராசாஹிப் மூஸா நபி என்றால் ஏலியா மோஷே என்றார். இவர் தாவூத் நபி என்றதும் அவர் தாவீதின் சங்கீதம் ஒன்றை ராகத்தோடு பாடியே காட்டினார். மீராசாஹிபின் தலை தன்னையறியாமல் ஆடியது. இப்ராஹிம் நபி வரைக்கும் எல்லாம் சுமுகம். அந்த நபி பலிகொடுக்கக் கூட்டிப்போன மகன் யார் என்ற இடத்தில்தான் வண்டி கவிழ்ந்தது.

"இஸ்மாயில்!" என்றார் மீராசாஹிப்.

"ஈசாக்கு!" என்றார் ஏலியா.

குரல்கள் தெருவரை போயின. சண்டையோ என்று பாப்பம்மா வெற்றிலைக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். றமீஸா அவளுக்கு விளக்கினாள்: "ஒண்ணுமில்ல அக்கா. ஆண்டவன் கட்டளைன்னு ஒரு நபி பெத்த மகன அறுக்கப் போனாங்க. கடைசியில ஆண்டவனே தடுத்து ஆட்டைக் குடுத்தான். எந்த மகன்ங்கிறதுதான் இவங்களுக்குத் தகராறு."

பாப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"எந்த மகனா இருந்தா என்னங்க? பெத்தவள ஒரு வார்த்த கேட்டாங்களா?"



"இஸ்மாயிலப் பெத்த எங்க ஹாஜரா அம்மாகிட்ட ஷைத்தான் போய்ச் சொன்னானாம்," என்றாள் றமீஸா மெதுவாக. "ஆண்டவன் சொன்னா சரிதான்னு அவனை விரட்டி விட்டாங்களாம்."

"ஈசாக்கப் பெத்த எங்க ஸாரா அம்மா, கேள்விப்பட்டதும் உயிரை விட்டுட்டாங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க," என்றார் ஏலியா.

"ரெண்டு பேரும் நல்லவங்க. நானா இருந்தா கத்தியப் புடுங்கியிருப்பேன்," என்றாள் பாப்பம்மா. "தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புறாங்கன்னு, என் மூத்தவன் என் பேரையும் சேத்துப் பதிஞ்சிட்டு வந்தான். என்னைய யாரு கேட்டா?"

கத்தியை நினைத்து மீராசாஹிப்தான் முதலில் சிரித்தார். றமீஸா தேத்தண்ணி ஊற்றப் போனாள். ஏலியா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தி சாய்ந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஷப்பாத் முடிந்ததும், ஏலியா ஸெய்னுலாப்தீனிடம் வாய் திறந்தார். கொச்சியில் அவருடைய ஆட்கள் கூட்டங்கூட்டமாக இஸ்ரவேலுக்குக் கப்பல் ஏறுகிறார்களாம். அவரும் மகன்களும் முடிவெடுத்துவிட்டார்கள். வீட்டை விற்கப் பேச்சும் நடக்கிறது.

"என் மனைவி ரிவ்கா எங்க தெருவிலேயே பொறந்தவ, ஸெய்னுலாப்தீன் நானா. அவகிட்ட நான் கேக்கல. சொன்னேன், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்தது. அவர் ஏலக்காயை ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த ஏலக்காய்ப் பருவத்தில் அவர் தனியாக வரவில்லை. வெள்ளை முண்டும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக, குள்ளமான ஓர் அம்மாவும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, "யாரு பாப்பம்மா?" என்று கேட்டார்.

பாப்பம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே நிமிர்ந்தாள்.

"இவர் இங்கேருந்து வந்து, போகலாமான்னு என்னைக் கேட்டார்," என்றார் ரிவ்கா, தெரிந்த தமிழைத் தேடித் தேடி. "ஆறு மாசம் நான் பதிலே சொல்லல. பொறவு, வர்றேன்னு சொன்னேன். அடுத்த மாசம் கப்பல்."

"கேக்காமலே இருந்திருந்தா?"

"அப்பவும் போயிருப்பேன். கரைஞ்சுகிட்டே, அழுதுகிட்டே போயிருப்பேன்."

பாப்பம்மா பெஞ்சைத் துடைத்து அவருக்கு இடம் விட்டாள். ஏலியாவும் ஸெய்னுலாப்தீனும் கடைக்குள் ஏலக்காயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இரண்டு பெண்களும், மகன்களைப் பற்றி, ஆளுக்கொரு தமிழில், வெயில் சாயும்வரை பேசினார்கள்.