ஹெலிகாப்டருக்கு எடை பார்த்த அன்று

கோடை லீவுக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனி ஹெலிகாப்டர் சவாரி விடுகிற சேதியை மைத்துனன் ஜம்புலிங்கம்தான் கொண்டுவந்தான். கடற்கரையையும் துறைமுகத்தையும் மேலிருந்து ஒரு சுற்றுக் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்களாம். தங்கை தமயந்திக்கும் அவள் புருஷன் ராஜகோபாலுக்கும் அவனே இடம் பிடித்துவிட்டிருந்தான். மின்வெட்டில் திருத்தணி விசைத்தறிக் கூடங்கள் பாதி நாள் மூடிக் கிடந்ததால் ராஜகோபாலுக்கும் வேலை இல்லை.

"பாவா, ரெண்டு பேர் எடையும் முன்கூட்டியே சொல்லணுமாம். தூக்கற கணக்குக்கு. பொடவைத் தலைப்பை நல்லா செருகிக்கணும், காத்து அப்படி அடிக்குமாம்" என்றான் ராஜகோபாலிடம்.

தமயந்தி அன்றே ஊக்குகள் வாங்கி வைத்துக்கொண்டாள். காதில் வைக்கப் பஞ்சு எடுத்து உருட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து ராஜகோபால் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வீராசாமியின் நூல் கடைக்குப் போனார்கள். நூல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ராஜகோபால் முதலில் ஏறி இறங்கினான். தமயந்தி பின்வாங்கினாள்.

"எனக்கு எதுக்குங்க? போன வருஷம் மலை மேல போட்டதையே சொல்லிடுங்க."

மகள் பத்மாவுக்குக் காமாலை தெளிந்ததற்கு வேண்டுதலாக, போன ஆடியில் மலைக் கோவிலில் தன் எடைக்கு எடை வெல்லம் கொடுத்திருந்தாள். ஐம்பத்தாறு கிலோ. ராஜகோபால் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

வீராசாமி தராசுத் தண்டில் எடைக் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். அவர் முகம் மாறியது. அவளை இறக்கிவிட்டு, நிறுத்துக் கட்டிய மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"நாப்பத்தி ரெண்டும்மா" என்றார், அவளைப் பார்க்காமல்.

தெருவில் நடக்கும்போதுதான் ராஜகோபால் மனைவியைச் சரியாகப் பார்த்தான். ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் காணாமல் எப்படி இருந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

"எத்தினி நாளா?"

"தை மாசத்துலேர்ந்து. வயித்துல வலி வந்துகினு போயிகினு இருக்குது. சோறு எறங்கலே."

"ஏன் சொல்லலே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அண்ணன் இந்தச் சேதியோட வந்துட்டாரு. ஒருதரம் பறந்துட்டு வந்து சொல்லிக்கலாம்னு..."

மெட்ராஸுக்குக் கட்டி வைத்த பையோடு மறுநாளே வேலூர் பஸ் ஏறினார்கள். டாக்டர் ராஜகோபாலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, அறுத்துப் பிரயோசனமில்லை. வெளியே வந்தவன், "மருந்து குடுக்கறாங்க, சரியா பூடும்" என்றான். சவாரிக்குக் குறித்த நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். அந்த இடத்தில் ஜம்புலிங்கம் வேறு யாரையோ ஏற்றிவிட்டான்.

ஆடிக் கிருத்திகைக்கு வீடு வந்து சேர்ந்திருந்தாள். தெருவெல்லாம் காவடிக் கூட்டம். எழுந்து உட்காரவும் தெம்பில்லை. பார்க்க வந்த ஜம்புலிங்கத்திடம், "அந்த வண்டி இன்னும் சுத்துதா அண்ணா?" என்று கேட்டாள்.

கோடையோடு அந்தக் கம்பெனி மூட்டை கட்டிவிட்டது.

"அடுத்த வருஷமும் வராங்களாம். நாம போவலாம்" என்றான் ராஜகோபால்.

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆங், பத்மாவைக் கூட்டிகினு போங்க. அது பயந்துக்காது" என்றாள்.

ஆவணி பிறக்கும் முன்பே போய்விட்டாள்.