சீர்த்தட்டில் ஒரு பெருச்சாளி

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. அந்தத் தாளை வடிவமைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் ஒளித்துவைத்ததுபோல் ஆகிவிடும்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஹலீமா அக்காவின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. பகலெல்லாம் கீழே பழுது பார்ப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மாடியில் டிடிபி வகுப்பு: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாம் வடிவமைக்கக் கற்றுத்தருவார்கள். நான் ஐந்து மாதமாகப் படிக்கிறேன். தேர்வுக்கு ஒவ்வொருவரும் சொந்தமாக எழுதிய நான்கு பக்கத்தை அச்சிட்டுத் தர வேண்டும் என்றார் அக்கா. என் டைரியைப் புரட்டினேன். ஏழு பக்கம் ஒரு காதுகுத்தைப் பற்றியே எழுதியிருந்தேன். நான் போகாத காதுகுத்து.

முதல் தொடக்கம்: "ஆற்றில் தண்ணீர் வந்த அன்று ராம்கி" (தண்ணீருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் தண்ணீரில்தான் தொடங்குவோம். விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ராம்கி நல்லவன்." (யார் சொன்னது? கதையில் அதைத்தானே பார்க்க வேண்டும்.)

மூன்றாவது தொடக்கம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதுவும் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் தேர்வு வெள்ளிக்கிழமை.

[கதைக்குள் அவரை "அவன்" என்று எழுதப்போகிறேன். நேரில் ராம்கி அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மரியாதைக் குறைவு இல்லை. கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.]

2

ராம்கிக்கு முப்பத்தொரு வயது. ஹலீமாவின் கடையில் மதர்போர்டு பழுது பார்க்கிறான். அவனிடம் இருநூற்றுப் பதினான்கு கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் பெட்டி கிடையாது, குறுந்தகடு கிடையாது. எல்லாம் இணையக் கடைகளில் வாங்கித் தரவிறக்கியவை. இருபது முப்பது வருடத்துக்கு முந்திய விளையாட்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி செப்பனிட்டு விற்கிற கடைகள் அவை. ஒருவர் இருவராக உட்கார்ந்து உருவாக்கிய சின்ன விளையாட்டுகளும் அங்கே கிடைக்கும். தள்ளுபடி வந்தால் ராம்கிக்குக் கை நிற்காது. வாங்கியதில் முப்பதைத் திறந்து பார்த்திருப்பானோ என்னவோ.

"குதிர் நிறைய நெல்லக் கொட்டி வச்சிருக்க. உல வைக்கத்தான் நேரமில்ல," என்பாள் ஹலீமா.

அவனுக்கு ஓர் அக்கா, பிரகதீஸ்வரி. நான்கு வயது மூத்தவள். சின்ன வயதில் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. இரண்டு பெருச்சாளிகள் சுரங்கம் தோண்டுகிற ஒரு விளையாட்டை இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். அதன் ஆங்கிலப் பெயரை இருவருமே சொன்னதில்லை. வீட்டில் அது "பெருச்சாளி கேம்". இரண்டு பெருச்சாளியும் ஒரே நேரத்தில் கதவடியில் வந்து நின்றால்தான் அடுத்த கட்டம் திறக்கும். ஒன்று முந்தினாலும் பயனில்லை. ஆட வசதியான அம்புக்குறிப் பொத்தான்களை எப்போதும் ராம்கி எடுத்துக்கொள்வான். அக்காவுக்கு இடது ஓரத்து எழுத்துப் பொத்தான்கள்தான். "இன்னிக்கு எனக்குடா" என்று அவள் கேட்பாள். அவன் தரமாட்டான்.

பிறகு அக்காவுக்குக் கல்யாணமாகிப் பாபநாசம் போனாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு வளைகாப்பு. தம்பி கொண்டுவரும் வளையலைத்தான் முதலில் போட வேண்டும் என்று காத்திருந்தார்கள். அன்று காலை ஏழரைக்கு ஒரு தள்ளுபடி முடிகிறது. ராம்கி பணம் கட்டிவிட்டு ஓடிபி வருவதற்காகக் காத்திருந்தான். ஓடிபி வந்தது, பஸ் போய்விட்டது. அவன் வளையல் தட்டோடு போய்ச் சேர்ந்தபோது அக்காவின் இரண்டு கையும் முழங்கைவரை நிறைந்திருந்தன. ஏன் தாமதம் என்று அவள் கேட்டாள். அவன் உண்மையைச் சொன்னான்.

அதோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். ஒருவன் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வானா? டயர் பஞ்சர் என்று சொல்ல மாட்டானா? ஹலீமா அக்காவிடம் கேட்டேன். "அவன் சொல்லுவான். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா என் கடையில ஏன் இருக்கான்?" என்றார். இருக்கட்டும்.)

3

இந்த ஆவணியில் அக்கா மகள் கமலாம்பாளுக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு மூன்று வயது நடக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அழைப்பு வந்தது, அக்காவிடமிருந்து இல்லை, அவள் கணவர் நாகநாதனிடமிருந்து, வாட்ஸாப்பில், படமாக. தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். ராம்கி நாகநாதனுக்குப் போன் செய்தான்.

நாகநாதன் மழுப்பினார். பெரியப்பா மகன் மோகனசுந்தரமும் மாமன் முறைதான், அவர் மடியில் உட்காரவைக்கலாம் என்று பேச்சு இருக்கிறது என்றார். கடைசியில், "நீங்க தட்டோட வாங்க மாப்ள. அவளே முடிவு பண்ணட்டும்," என்றார்.

ராம்கி தோடு வாங்கினான், பட்டுப்பாவாடை வாங்கினான். அவை பிள்ளைக்கு. அக்காவுக்கு என்ன வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தான். பெருச்சாளி கேம் இப்போது இணையக் கடையில் கிடைக்கிறது. பரிசாக வாங்கினால் ஒரு சாவி அனுப்புவார்கள்: எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. கடையின் பக்கத்தில் அதைத் தட்டினால் விளையாட்டு தட்டியவருக்குச் சொந்தம். சாவியை வாங்கிவிட்டான். ஆனால் தட்டில் எதை வைப்பான்? சீர் என்பது ஊர் பார்க்க எடுத்துப்போவது. போனை வைக்க முடியுமா?

அதனால் ஒரு மாலை வகுப்புக்கு வந்து என்னிடம் கேட்டான். (கேட்டார். இந்தப் பகுதியில் நானும் வருகிறேன், சமாளிக்க முடியவில்லை.) வழவழத் தாளில், தங்க விளிம்போடு, இரண்டு பெருச்சாளிகளின் படம்; நடுவில் சாவி, பெரிய எழுத்தில்; கீழே அவர் சொன்ன ஒரு வரி: "அக்கா, இந்தத் தடவை அம்புக்குறி உனக்கு."

ஹலீமா அக்கா எட்டிப் பார்த்தார். "காதுகுத்துக்குப் பெருச்சாளியா? வயக்காட்டுக்காரங்க வீடு. வரப்பப் பறிக்கிறத அடிச்சு வெரட்டிட்டு இருக்காங்க, நீ தட்டுல வச்சுக் கொண்டு போறியா?"

"பிள்ளையார் வாகனந்தானேக்கா," என்றார் ராம்கி அண்ணன்.

"நல்லா இருக்குடா. இத வாங்கிட்டு இருந்துதான வளையலுக்கு லேட்டா போன. இப்ப சமாதானத்துக்கும் இதையேவா?"

"அது வேற கேம்."

ஹலீமா அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் நான் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அது என் பழக்கம். ஒரே தாள்தான் அச்சிட்டேன்.

4

இது நான் பார்க்காத பகுதி. திங்கட்கிழமை ராம்கி அண்ணன் ஹலீமா அக்காவிடம் சொன்னது படிக்கட்டில் என் காதில் விழுந்தது. மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன்.

ஐந்து தட்டு. தேங்காய் பழம், வெற்றிலை பாக்கு, பாவாடை, தோடு, தாள். வீட்டு வாசலிலிருந்து பந்தல்வரை வீடியோக்காரர் பின்னாலேயே நடந்து எடுத்தார். தாளை ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். எல்ஐசி பத்திரமா என்று ஒருவர் கேட்டார்.

பிரகதீஸ்வரி தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்து தாளில் நின்றாள். எடுத்தாள். வாசித்தாள். அவள் முகத்தில்

(அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நான் செய்த முகங்கள்.)

அவள் தாளை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குள் போனாள். உள்ளே அவளுடைய லேப்டாப் இருந்தது. பாயில் ராம்கி ஒரு பக்கம், மோகனசுந்தரம் ஒரு பக்கம். இரண்டு மடியும் காலி. பிள்ளை மொட்டைத்தலையில் சந்தனத்தோடு நாகநாதனின் தோளில் இருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, "நல்ல நேரம் இன்னும் இருவது நிமிசந்தாங்க," என்றார். அறைக்குள் கீபோர்டு தட்டும் சத்தம் வெளியே கேட்டது. அவள் தட்டும் விதம் ராம்கிக்குத் தெரியும். ஒவ்வொரு பொத்தானையும் ஆணி அடிப்பதுபோல அடிப்பாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

சத்தம் நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது.

அவள் வெளியே வந்தாள். கையில் தாள் இருந்தது. அந்தச் சாவியை ஏற்கெனவே வேறு கணக்கில் பயன்படுத்திவிட்டார்கள் என்று கடை சொல்லியிருக்கிறது. அது ராம்கிக்கு அப்போது தெரியாது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வாக்கியம்:

"இதையும் நீயே எடுத்துக்கிட்டியாடா?"

தாளைத் தட்டில் வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கி, மோகனசுந்தரத்தின் மடியில் உட்காரவைத்தாள்.

5

அப்படியானால் சாவியை எடுத்தது யார்? கதை என்றால் இது தெரிய வேண்டும். முறையாக யோசித்தேன்.

வீடியோக்காரராக இருக்கலாம். சீலையை ஆயிரம் பேர் பார்த்தாலும் சீலை சீலையாகவே இருக்கும். சாவி அப்படியில்லை, ஒருவர் பார்த்துத் தட்டிவிட்டால் போயிற்று. ஊர் பார்க்கும் தட்டில் அதைப் பெரிய எழுத்தில் வைத்ததே தப்பு. (அந்த எழுத்தின் அளவை முடிவு செய்தவள் நான். முப்பத்தாறு புள்ளி.) ஆனால் வாசலிலிருந்து பந்தல்வரை நடக்கும் நேரத்தில் படம் எடுத்துக்கொண்டே ஒருவர் அதைத் தட்டியிருப்பாரா?

மோகனசுந்தரமாக இருக்கலாம். மடிக்காக. (அவருக்கு இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. பாவம், அவரை ஏன் கெட்டவராக்க வேண்டும்? நீக்கிவிட்டேன்.)

ராம்கியே எடுத்திருக்கலாம், அக்கா நினைத்தபடி. இதை ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் பயந்துபோய்க் கிழித்தேன்.

எனக்கு இந்தக் கடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேனே என்று தோன்றியது. ஒரு விளையாட்டை வாங்கித்தான் பார்ப்போமே என்று நேற்று மாலை வகுப்பில் உட்கார்ந்து அந்தக் கடையைத் திறந்தேன். படகுத்துறை ஒன்றை நடத்துகிற சின்ன விளையாட்டு, ஒருவர் தனியாகவே செய்தது, விலை ஒரு பிரியாணியைவிடக் குறைவு. என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். உங்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்றது கடை. எனக்கா? உள்ளே போனேன். நான் வாங்கிய விளையாட்டுகளின் பட்டியல் என்று ஒரு பக்கம் திறந்தது.

அதில் ஒன்று இருந்தது. இரண்டு பெருச்சாளிகள், மஞ்சள் தொப்பியோடு.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்தை மூடித் திறந்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். தாளை வடிவமைத்த அதே மாலை, ஏழு நாற்பது.

ஹலீமா அக்கா முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்: பத்திரிகையில் மண்டபத்துக்கு வழிகாட்டும் க்யூஆர் கட்டத்தை அச்சிட்டால், அச்சுக்கு முன் உன் போனில் ஸ்கேன் செய்து பார். வழி தப்பாகிவிட்டால் ஆயிரம் பத்திரிகையும் குப்பை. நான் ஒருமுறையும் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. சாவி சரியாக வேலை செய்கிறதா என்று கடையின் பக்கத்தில் தட்டிப் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சல் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, வழக்கமாகப் போடுவதைப் போட்டேன். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. சரி என்று நானும் டைரியில் குறித்தேன். இதோ இருக்கிறது: "சாவி சோதித்தாயிற்று. சரி."

மூன்றாம் பகுதியில் "எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்" என்று நானே எழுதியிருக்கிறேன், பெருமையாக. அதைத் திருத்தவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: முதல் காது குத்தியதும் பிள்ளை வீறிட்டு, மோகனசுந்தரத்தின் மடியிலிருந்து நழுவி, ராம்கியின் மடியில் போய் உட்காருகிறது. இரண்டாவது காது அங்கே. (எழுதும்போது அழுதேன். ஆனால் நடந்தது அப்படியில்லை. இரண்டு காதும் மோகனசுந்தரத்தின் மடியில்தான். காது குத்துவது ஒரு முறைதான், சாவி மாதிரி.)

இரண்டு: பிரின்ஸி என்கிற வகுப்பு மாணவி ராம்கி அண்ணனிடம் எல்லாவற்றையும் நேரில் சொல்கிறாள். (இன்று மாலை கீழே போனேன். அவர் சால்டரிங் செய்துகொண்டிருந்தார். "என்ன பிரின்ஸி?" என்றார். "எழுதுற பேப்பர் தீந்துபோச்சுண்ணே," என்றேன். ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.)

மூன்று: பாபநாசம் பஸ்ஸில் ஏறி நான் பிரகதீஸ்வரி அக்கா வீட்டுக்குப்

நான்காவது முடிவு என் கையில் இல்லை. இந்தக் கடையில் பிரின்டர் கீழே இருக்கிறது. மாடியில் பொத்தானை அழுத்தினால் தாள் ராம்கி அண்ணனின் மேசை ஓரத்தில் போய் விழும். அவர்தான் எடுத்து, ஓரம் தட்டி அடுக்கி, மேலே கொண்டுவருவார். எதையும் வாசிக்காமல் கொண்டுவர மாட்டார். பிழை இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார். ஆகவே இதை நீங்கள் தாளில் வாசிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு முன்னால் அவர் வாசித்துவிட்டார். ஒரு பக்கத்தில் பென்சில் வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே பென்சில் நின்றிருக்கிறது என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் பாபநாசம் போனாரா, போனபோது அவள் கதவைத் திறந்தாளா, கீபோர்டின் எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக் கணக்கை அப்படியே பிரகதீஸ்வரி அக்காவுக்கே கொடுத்துவிடலாம் என்று, அதன் கடவுச்சொல்லை இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். ஊர் பார்க்கும் தாளில் சாவியை எழுதக்கூடாது, அதையாவது கற்றுக்கொண்டேன். தனித்தாளில் எழுதி, நான்காக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, மேலே "பிரகதீஸ்வரி அக்காவுக்கு" என்று எழுதி, ராம்கி அண்ணன் மேலே வந்தால் கண்ணில் படும்படி, அவர் கொடுத்த தாள் கட்டின்மேல் வைத்திருக்கிறேன்.

சரியாக இருக்கிறதா என்று இந்த முறை சோதித்துப் பார்க்கவில்லை.