தொடாத கை

கை நீட்டி நீட்டி ராஜபாண்டிக்கு முழங்கை கடுத்தது. கே.கே. நகர் வீட்டு வாசலில் போட்ட பந்தலில், பங்காளிகள் வரிசைக்கு அவன்தான் தலை ஆள். சாவுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் அவன் உள்ளங்கையைத் தொட்டு எடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அப்பா சோலை கிடந்தார்.

அவன் காத்திருந்தது ஒரே ஒரு கைக்காக.

பக்கத்தில் நின்ற சித்தப்பா கருத்தக்கண்ணனுக்கு அது தெரியும். காலையிலேயே சாடையாகச் சொல்லிப் பார்த்தார். வெட்டுப்பழி குத்துப்பழியாகவே இருந்தாலும் துட்டிக்கு வந்தவன் கையைத் தொட்டுவிட வேண்டும். தொடாவிட்டால் அந்த வீட்டோடு நல்லது கெட்டது அன்றோடு முடிந்தது, அந்த வீட்டு ஆள் ஒருத்தரும் பந்தலில் இருக்க முடியாது என்றார். "தெரியும் சித்தப்பா," என்று மட்டும் சொன்னான் ராஜபாண்டி.

வர வேண்டியவன் சிவக்குமார். அத்தை இருளாயியின் ஒரே மகன், விமானி. போனால் மருமகன் ஓட்டுகிற விமானத்தில்தான் போவேன் என்று சென்னையில் காத்துக் கிடந்து ஏறினார் அப்பா. இங்கே ஊரில் இறங்கும்போது மழை. விமானம் உயரமாகவும் வேகமாகவும் வருகிறது, இறங்க வேண்டாம், இன்னொரு சுற்று சுற்றி வருவோம் என்று துணை விமானி இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். சிவக்குமார் கேட்கவில்லை. பாதி ஓடுபாதையைத் தாண்டித் தரை தொட்ட விமானம், பாதை முடிந்தும் நிற்காமல் சகதியில் போய்க் குத்தி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது அதில் இல்லை. மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சொந்தம் எல்லாம் சும்மா இருந்தது. தவறு விமானியுடையது என்று விசாரணை அறிக்கை வந்தபோதுதான் ராஜபாண்டிக்கு விஷயம் தெரிந்தது.

அதைக்கூட விட்டிருப்பான். அப்பா படுக்கையில் கிடந்த ஒன்றரை வருஷத்தில் சிவக்குமார் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்று வக்கீல் சொன்னாராம். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால், "சிவாவா?" என்பார் அப்பா. வந்தது அத்தையாக இருக்கும். மகன் வாங்கிக் கொடுத்த கார் தல்லாகுளம் வீட்டில் நிற்க, பஸ் ஏறி வருவாள். கொல்லைவாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். மகனைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இன்று விடிந்ததிலிருந்து பெட்டியின் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். வாய்க்கரிசிக்கு முந்தானையில் அரிசி முடிந்து வைத்திருந்தாள்.

வெயில் ஏறியபின் சிவக்குமார் வந்தான். நேராக வரிசையின் தலைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

ராஜபாண்டி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மாப்ள," என்றான் சிவக்குமார்.

"ஒன்னர வருசமா எங்கப்பாவும் கைய நீட்டிக்கிட்டுத்தான் கிடந்தாரு மச்சான். அப்ப எங்க போனீக?"

"வக்கீல்தான்…"

"சுத்தி வருவோம்னு ரெண்டு தரம் சொன்ன ஆளு பேச்சக் கேக்கல. வக்கீல் பேச்ச மட்டும் கேட்டீகளாக்கும்?"

சித்தப்பா அவன் முழங்கையைப் பிடித்தார். "அத்தை உள்ள இருக்குடா. அத நெனச்சுப் பாரு."

அதை நினைக்காமல் அன்று அவன் ஒரு நிமிஷமும் இருக்கவில்லை. கை பின்னாலேயே இருந்தது.

சித்தப்பா பிடியை விட்டார். தலை ஆள் தொடாத கையை மற்றவர்கள் தொட வழியில்லை. அவரும் தன் கையைப் பின்னால் கொண்டுபோனார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். வரிசையின் கடைசிவரை பார்த்துவிட்டும் சிவக்குமாருக்குக் கையை மடக்கத் தோன்றவில்லை.

உள்ளே ஒப்பாரி நின்றது. இருளாயி எழுந்து வெளியே வந்தாள். யாரையும் ஏசவில்லை. ராஜபாண்டிக்கு முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரிசியை அள்ளிக்கொண்டு காத்திருந்தாள். அவன் கைகளை முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது.

"எனக்கும் சேத்து நீயே போட்டுரு ராசு," என்றாள். "மெல்லப் போடு. கஞ்சியக்கூட எங்கண்ணன் கொஞ்சங்கொஞ்சமாத்தான் முழுங்கும்."

மகன் கைகளைப் பிடித்துத் தாழ்த்தி, அவனைத் திருப்பி, தெருவில் இறக்கிக் கூட்டிப்போனாள். தார் ரோட்டில் கால் சுட்டிருக்கும். செருப்பு கொல்லைவாசலிலேயே கிடந்தது.

துட்டிக்கு வந்த அடுத்த ஆள் வரிசைக்கு வந்து கையை நீட்டினார். ராஜபாண்டியின் இரண்டு கைகளிலும் அரிசி இருந்தது.