மூன்று கை பதித்த குழி

மன்மத ஆண்டுச் சித்திரையில் பாகலூர்ப் பக்கத்து வானம் முறை தவறி நடந்துகொண்டது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கருக்கும். விளக்கு வைப்பதற்குள் இடியும் காற்றும் ஆலங்கட்டியும் ஊரை அடித்துத் துவைத்துவிட்டுப் போய்விடும். மூன்று நாட்கள் இப்படியே. நான்காம் நாள் காலையில் செல்வம்மாள் களத்தில் மண்டியிட்டு, ராகிக் குழியின் மூடுகல்லருகே முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை அடித்தது.

குழி என்றால் ஏதோ சிறு பள்ளமன்று. வாய், ஓர் ஆள் நுழையும் அளவே. உள்ளே இரண்டு ஆள் ஆழமும் பானை வயிறு போன்ற அகலமும் உண்டு. சுற்றிலும் வைக்கோல் அடைத்து அதில் கொட்டிய ராகிதான் அடுத்த அறுவடைவரை பதினொரு பேருக்குக் களியும் கூழும். வாயில் கல்லை வைத்துக் களிமண் பூசி, அண்ணன் தம்பி மூவரும் ஈர மண்ணில் ஆளுக்கொரு கை பதித்து மூடுவார்கள்; மூவரும் கூடி நின்றே திறப்பார்கள். அது அந்தக் குடும்பத்து வழக்கம்.

இப்போது மூத்தவர் கிருஷ்ணப்பன் தம் மகனுக்குப் பெண் பார்க்கக் குருபரப்பள்ளிக்குப் போயிருந்தார். நடுப்பிள்ளை திம்மராயன், செல்வம்மாளின் கணவன், கோலார்த் தங்கச் சுரங்கத்தில் வேலையாயிருந்தான். இளையவன் முனிவேல் ஊரில் இருந்தான், இருந்தும் பயனில்லை.

பூச்சு வெடித்திருக்கிறது என்று பங்குனியிலேயே அவள் சொல்லியிருந்தாள். புது மண் பூசினால் பழைய கைப்பதிவு மறைந்துவிடும், திம்மன் வரட்டும் என்று மூத்தவர் சொல்லிவிட்டார். வெடிப்பு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

“முனிவேலு, வந்து மோந்து பாரு.”

“மோந்தேன் அண்ணி. கொஞ்சம் புளிப்பாத்தான் இருக்குது.”

“கொஞ்சமா? ரெண்டு நாள்ல மொளை விட்டுரும். கல்லை எடு.”

“அண்ணன் வரட்டுமே. அவரு இல்லாம தொறந்தா என்னை உரிச்சுப் போட்டுருவாரு.”

“எப்ப வருவாரு?”

“தரைப்பாலத்து மேல தண்ணி போவுதாம். பஸ்ஸு சூளகிரியோட நின்னுருச்சாம்.”

“அப்படியா. ராகிகிட்டச் சொல்லு, பஸ்ஸு வர்ற வரைக்கும் நனையாம இருன்னு.”

அவளே கடப்பாரையை எடுத்தாள். மூன்று கைகளும் பதிந்திருந்த பூச்சு மூன்றாம் குத்தில் பெயர்ந்தது. குழியிறங்கித் தேர்ந்த ஆஞ்சப்பனுக்கு ஆள் அனுப்பினாள். அவன் வந்ததும் முதலில் லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். கழுத்தளவு போனதுமே விளக்கு அணைந்தது.

“உள்ள காத்து கெட்டுக் கெடக்குதுங்கம்மா. விளக்கு நிக்காம நான் எறங்க மாட்டேன். எங்க சித்தப்பன் அப்படித்தான் போனாரு.”

“உன்னை யாரு எறங்கச் சொன்னது? காத்து மாற எவ்வளவு நேரமாவும்?”

“உச்சி தாண்டணுங்க.”

செல்வம்மாள் மேற்கே பார்த்தாள். உச்சி தாண்டினால் மழை. திறந்து வைத்தால் மேலிருந்து நனையும். மூடி வைத்தால் உள்ளிருந்து அழுகும். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பல்லைக் கடித்தாள்.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றான் முனிவேல்.

“நீ எப்பவும் ஒண்ணும் சொல்லல. போயி வேப்பங்கிளை ஒடிச்சுக்கினு வா.”

கிளைகளைக் கட்டாகக் கட்டிக் குழிக்குள் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, கெட்ட காற்றைக் கலைத்தார்கள். அவள் குழிவாயைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு எழுப்பினாள். உச்சியில் இறக்கிய விளக்கு பாதி ஆழத்தில் திணறி அணைந்தது. மேற்கே கருக்கத் தொடங்கியதும் அவள் கண் மாட்டுக்கொட்டகையில் இருந்த வண்டியின்மேல் விழுந்தது. அதன் புத்தம்புதிய மூங்கில் கூண்டைக் கிருஷ்ணப்பன் ஓசூர்ச் சந்தையில் வாங்கியிருந்தார்.

“அந்தக் கூண்டைக் கழட்டுங்க. குழி மேல கவுக்கலாம்.”

“அய்யோ அண்ணி, பொண்ணழைப்புக்குன்னு வச்சிருக்காரு.”

“வர்ற பொண்ணு இங்க எதைத் திம்பா?”

கூண்டைக் கவிழ்த்து முளையடித்துக் கட்டி முடிக்கவும் காற்று வரவும் சரியாக இருந்தது. மூன்றாம் முறை இறக்கிய லாந்தர் அடிவரை அணையாமல் நின்றது. ஆஞ்சப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

ஆலங்கட்டி கூண்டின்மேல் கல்லெறிந்தது. அடியில் குந்தியபடி செல்வம்மாளும் முனிவேலும் கூடை கூடையாக இழுத்தார்கள். இழுத்ததைச் சாக்குப் போர்த்தி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிழக்குப் பக்கத்து ராகி நன்றாயிருந்தது. மேற்குப் பக்கத்து ராகி கறுத்துக் கட்டிதட்டி, தொட்டால் சுட்டது.

மழை தூறலாகத் தணிந்தபோது கிருஷ்ணப்பன் முழங்கால்வரை சேறும் நனைந்த துண்டுமாக நடந்தே வந்து சேர்ந்தார். பொத்தலாகிக் கிடந்த கூண்டைப் பார்த்தார். பிறகு, அதன் அடியில் பெயர்ந்து கிடந்த பூச்சைப் பார்த்தார்.

“என் கை பதிச்ச மண்ணை யாரு ஒடைச்சது?”

முனிவேல் கூடைக்குள் எதையோ தேடினான்.

“நான்தான் மாமா.”

“திம்மன் இல்லாம, நான் இல்லாம எப்படித் தொறக்கலாம்?”

செல்வம்மாள் கறுத்த ராகிக் கட்டியொன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கை வெடுக்கென்று பின்வாங்கியது.

“சுடுது.”

“மூணுல ஒரு பங்கு போச்சு மாமா. பங்குனியிலயே பூசியிருந்தா ஒரு மணி போயிருக்காது.”

அவர் உள்ளங்கையைத் துண்டில் துடைத்தார். பிறகு பழைய குரலிலேயே சொன்னார்:

“சரி. காய்ஞ்சதும் முறையா மூடணும். மூணு பேரும் இருந்துதான் மூடணும். திம்மனுக்குக் காகிதம் போடு.”

“அவருக்கு லீவு ஆடிக்குத்தான் மாமா. அது வரைக்கும் ராகியை எங்க வைக்கிறது?”

குழிக்குள்ளிருந்து ஆஞ்சப்பன் கயிற்றை இரண்டு முறை இழுத்தான். அடுத்த கூடை நிறைந்துவிட்டது.

“நிக்காதீங்க மாமா. கூடையைப் பிடிங்க.”

அவர் பிடித்தார். பிடித்த கூடையோடு வீட்டுப் பக்கம் திரும்பியவர், குனிந்து, தம் கை பதிந்த மண்கட்டியைத் தேடியெடுத்து ராகியின்மேல் வைத்துக்கொண்டு நடந்தார்.