தராசுக்காரர் கட்டிய சைக்கிள்

பதினெட்டு வருடமாகப் பார்சல் அலுவலகத்தில் எடைபோடும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைக்காமல் வேறு என்னதான் வைப்பார்கள்? பொட்டலத்தின் மேல் 'இரண்டு கிலோ' என்று யார் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாலும் நம்ப மாட்டார். "எழுதுறவங்க ஆயிரம் எழுதுவாங்க, தராசு சொல்லட்டும்" என்பார். எடை பார்த்ததும் முத்திரைக்கட்டையால் மைப்பெட்டியில் ஒரு தட்டு, பொட்டலத்தில் இரண்டு தட்டு. டக், டப் டப். அந்தத் தாளம் கையில் ஊறிப்போய், வீட்டுக் கதவைத் தட்டினாலும் அப்படியேதான் தட்டுவார். உள்ளே இருக்கும் மனைவி யாரென்று கேட்பதே இல்லை.

அந்த மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் பைத்தியமானவர். சேறு, புல்தரை, மணல் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்ட வேண்டும். நடுவே பலகைத் தடுப்பும் படிக்கட்டும் வந்தால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். காசு கொடுத்து யாராவது இப்படி அவதிப்படுவார்களா என்று கேட்காதீர்கள், டீச்சர் அவதிப்படுவார்.

அதில் ஒரு பொல்லாத விதி உண்டு. முதலில் போகிறவர் ஒரு முழுச் சுற்று முந்தி வந்து பின்னாலிருப்பவரைப் பிடித்துவிட்டால், பிடிபட்டவர் அங்கேயே வெளியேற வேண்டும். போன வருடம் கடைசிச் சுற்றுக்குச் சற்று முன்னால் டீச்சர் அப்படிப் பிடிபட்டார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குப் பரிசெல்லாம் வேணாங்க. கடைசிச் சுத்துக்கு மணி அடிப்பாங்கல்ல, அத ஒரே ஒரு தடவ சைக்கிள் மேல இருந்துகிட்டு கேக்கணும்."

இது தராசின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாளே சைக்கிள் மெக்கானிக்கிடம் போய் நின்றார். மெக்கானிக் ஒரு பெண்; ஓட்டுபவரின் உடம்புக்கு அளவெடுத்துச் சைக்கிள் சட்டம் செய்து, கேட்ட பாகங்களைப் பூட்டிக் கொடுப்பவர். வாய் கொஞ்சம் துடுக்கு.

சட்டம் ரெடியானதிலிருந்து தராசு அலுவலகம் விட்டால் பட்டறைதான். கையில் நோட்டு, பையில் கொக்கித் தராசு. வந்த பாகத்தை எல்லாம் தொங்கவிட்டு எடை எழுதினார். முன்னால் இரண்டு பல்சக்கரம் வேண்டாம், ஒன்று போதும் என்று மெக்கானிக் சொன்னபோது மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"எவ்ளோ மிச்சம்?"

"அண்ணே, செயின் கழலாதுன்னு சொல்றேன். நீங்க எடைய கேக்குறீங்க."

"அதுவும் சரிதான். எவ்ளோ மிச்சம்?"

பெடலுக்கு ஒரு மாலை முழுக்கச் சண்டை. தராசு எடுத்தது இறகுபோல் இருந்தது. மெக்கானிக் எடுத்ததில் சேறு தானாக உதிர்ந்து விழ நான்கு பக்கமும் இடைவெளி இருந்தது. டீச்சர் வந்து, இரண்டிலும் காலை வைத்துப் பார்த்து, கனமானதைக் கையில் எடுத்துக்கொண்டார். சீட்டுக்கும் அதே கதை. ஹேண்டில்பாரில் மட்டும் தராசு ஜெயித்தார், அதுவும் டீச்சரின் குறுகலான தோளுக்குச் சின்ன ஹேண்டில்பாரே பொருந்திய புண்ணியத்தில்.

சக்கரத்தின் அச்சைப் பற்றிப் பேச்சு வந்தபோது மெக்கானிக் விட்டுக்கொடுக்கவே இல்லை. "அக்காவோட பழைய சைக்கிள் அச்சு அளவுதான் இதுக்கும். அவசரத்துக்கு அந்தச் சக்கரம் இதுல உக்காரணும்." இதைவிட லேசான அச்சு கிடைக்குமே என்று தராசு ஒற்றைக்காலில் நின்று பார்த்தார். பலிக்கவில்லை. "சரி, சக்கரம் என் பொறுப்பு. அதுல யாரும் தலையிடக் கூடாது" என்று முறுக்கிக்கொண்டார்.

"தலையிடல சாமி. டயர் ஏத்துனதும் அகலத்த மட்டும் ஒரு தடவ அளந்துருங்க. முப்பத்துமூணு மில்லிமீட்டருக்கு மேல போனா உள்ளயே விட மாட்டாங்க."

தராசு தேடிப் பிடித்த சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஆயிரத்து இருநூற்று எண்பது கிராம். பழையதைவிட முக்கால் கிலோ குறைவு. பந்தயத்துக்கு முதல்நாள் காலையில் தானே டயர் ஏற்றினார். டயரின் பக்கவாட்டில் '33' என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தார், தலையாட்டினார், விஷயம் முடிந்தது. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பதினெட்டு வருடம் நம்பாத மனிதர் டயரில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினார். எங்கே போய்ச் சொல்வது!

கிளம்பும்போது டீச்சர் பழைய சக்கரங்களைக் காரில் ஏற்றினார். "அந்த இரும்ப எதுக்கு இழுத்துகிட்டு வர்ற?" என்றார் தராசு. "கிடக்கட்டுங்க, சோறா கேக்குது?" என்றார் டீச்சர்.

பந்தயத் திடலின் நுழைவில் நடுவர் ஒருவர் பிளவுபட்ட தகடு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். பிளவின் அகலம் மிகச்சரியாக முப்பத்துமூன்று. ஒவ்வொரு டயரையும் அதற்குள் விட்டுப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். டீச்சரின் சைக்கிள் வந்தது. தகடு டயரின் மேல் உட்கார்ந்தது, இறங்கவில்லை.

"முப்பத்துநாலரை இருக்கும். இந்த டயரோட போக முடியாதும்மா."

"சார், டயர்லயே போட்டிருக்கு பாருங்க!" தராசின் குரல் கீச்சிட்டது.

"ரிம் அகலமா இருந்தா டயர் விரிஞ்சுதான் நிக்கும். போட்டிருக்குறத வச்சு நான் என்ன பண்றது? அளவு சொல்றதுதான்."

தினம் தினம் கவுண்டரில் உட்கார்ந்து தான் சொல்லும் வார்த்தை அது. தராசின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வருடம் காத்திருந்தவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். தகடு இறங்குவேனா என்றது. தொடங்குவதற்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

டீச்சர் அவரைத் திட்டவில்லை. காருக்குள் தலையை விட்டு, பல்சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் பூட்டியபடியே கிடந்த பழைய சக்கரங்களை இழுத்து வெளியே போட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த மெக்கானிக் ஓடி வந்து மண்டியிட்டார். அந்த அச்சுக்காக நடந்த சண்டை மூவருக்கும் ஞாபகம் இருந்தது. சக்கரங்கள் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தன. கியர் கம்பியை ஒரு திருகு திருகியதோடு சரி. தகடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. "போங்கம்மா, சீக்கிரம்!" என்றார் நடுவர்.

மொத்தம் ஐந்து சுற்று. முதல் மூன்றிலும் தராசு படிக்கட்டுப் பக்கம் நின்று கத்தினார். ஒவ்வொரு முறை மனைவி சைக்கிளைத் தோளில் தூக்கியபோதும் அந்த முக்கால் கிலோ தன் தோளில் ஏறியதுபோல் முகம் சுளித்தார். "ஐயோ, என்னாலதானே" என்று மெக்கானிக்கிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"அண்ணே, அங்க பாருங்க." தகட்டில் மயிரிழையில் தப்பிய தடித்த டயர் மாட்டி வந்த ஒருவரின் சைக்கிளில், சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சேறு அப்பி, சக்கரமே சுற்றாமல் நின்றிருந்தது. அவர் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைத் தாண்டிப் போனார். பழைய ஒல்லி டயர் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு உருண்டது.

டீச்சர் நான்காவது சுற்றைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து மணி கேட்டது. முதல் ஆள் கடைசிச் சுற்றில் நுழைந்துவிட்டாள். இனி டீச்சரை அவள் பிடித்தால் அவ்வளவுதான். படிக்கட்டில் டீச்சர் ஏறும்போது பின்னால் வளைவில் அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது.

"ஓடு! ஓடு! திரும்பிப் பாக்காத!"

டீச்சர் ஓடினார். இரண்டிரண்டு படியாகத் தாண்டினார். மேலே போய்ச் சைக்கிள்மேல் குதித்து ஏறியதும்தான் தராசுக்கு உறைத்தது. மணியை முதல் ஆளுக்கு மட்டும்தான் அடிப்பார்கள். அடித்தாகிவிட்டது. இவள் சுற்று முடியும் கோட்டுக்கு வரும்போது அங்கே ஒரு சத்தமும் இருக்காது.

பதினெட்டு வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்த மனிதர் திடலின் குறுக்கே தலைதெறிக்க ஓடினார். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. கோட்டருகே மேசைமேல் மணி சும்மா கிடந்தது. பக்கத்தில் அதே தகடு நடுவர்.

"சார்... மணி... அவளுக்கு... ஒரு தடவ..." மூச்சு வாங்கியது.

நடுவர் அவரையும் பார்த்தார், வளைவைத் தாண்டிச் சேறும் சகதியுமாக வந்துகொண்டிருந்த டீச்சரையும் பார்த்தார். மஞ்சள் சட்டை நூறடி பின்னால்தான் இருந்தது. "டயர் அளக்கத்தான் எனக்குச் சட்டம் இருக்கு. மணிக்கு இல்ல" என்று மணியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்களே அடிங்க."

டீச்சர் கோட்டைக் கடந்தார். தராசு தன் முத்திரைக்கட்டைத் தாளத்திலேயே அடித்தார். டீச்சர் அடுத்த வளைவில் மறைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். "போதும் சார், அவங்க போயாச்சு" என்று நடுவர் மணியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

கடைசிச் சுற்றையும் முடித்துவிட்டு, கடைசிக்கு முந்தின ஆளாக டீச்சர் வந்து புல்லில் மல்லாந்து விழுந்தார். பல்லைத் தவிர எல்லா இடத்திலும் சேறு. தராசு பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." டீச்சர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். சேற்றுக் கையை நீட்டி அவர் முழங்காலில் தட்டினார். டக், டப் டப்.