களியல்ல, கிழங்கு

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கலசப்பாக்கத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்த ஆனந்தி, பஞ்சை இறுகக் கடித்தபடி பாயில் கிடந்தாள். பொழுது சாயும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதன்பின் ஆறிய, மெத்தென்ற உணவு மட்டுமே என்பது மருத்துவரின் கட்டளை. காலையிலிருந்து அவள் வயிற்றில் எதுவும் விழவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: உருளைக்கிழங்கு மசியல். சாமைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவள் வழக்கமாகச் செய்வதுதான். பாலும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்தால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு. தான் செய்து தருவதாக வாக்களித்து அடுப்படியில் நுழைந்திருந்தான் அவள் கணவன் தமிழ்மணி.

மணமான நாள்முதல் அவன் வீட்டில் சோறு வடித்ததில்லை. ஆனால் ஊர்த் திருவிழாவில் ஆள் உயர அண்டாவில் களி கிளறுவதற்கு அவனை விட்டால் ஆளில்லை. மேளம் முழங்க, சட்டையைக் கழற்றி, துடுப்பை இரு கைகளாலும் பற்றி அவன் கிளறும்போது ஊரே வாய்பிளந்து நிற்கும். கோயில் பந்தலில் கிளறினால் வீரம். அதையே வீட்டடுப்பில் செய்தால் கேவலம்! இந்த நீதியை எழுதியவன் எவனோ, அவன் ஒருநாளும் பசித்த மனைவிக்குக் கஞ்சி காய்ச்சியிருக்க மாட்டான்.

வெந்த கிழங்கில் பாதியைத் தோலுரித்துச் சட்டியில் போட்டான் தமிழ்மணி. வெந்நீர் ஊற்றினான். களித்துடுப்பை எடுத்தான். அந்த முதல் சுழற்றலின் ஓசையிலேயே ஆனந்திக்குத் தெரிந்துவிட்டது. இது களியல்ல, கிழங்கு. அமுக்க வேண்டியதைச் சுழற்றினால் பசையாகிவிடும். கத்த முடியவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினாள். இன்னும் பலமாகக் கிளறச் சொல்வதாக எண்ணி, அவன் சட்டியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். அவள் பாயைக் கையால் அறைந்தாள். அவன் பாராட்டென்றே எடுத்துக்கொண்டான்.

துடுப்பைத் தூக்கியபோது சட்டியிலிருந்தது நூல்நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது.

"இத வச்சி தேர்தல் போஸ்டரே ஒட்டலாம் போலகீதே" என்று சிரித்தான்.

ஆனந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னம் தெறித்தது, வயிறு எரிந்தது.

வாசற்படியில் அமர்ந்து கொட்டை நீக்கப் புளி அடித்துக்கொண்டிருந்த மாமியார் சாந்தம்மாள், ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதை ஊர் பார்த்தால் என்ன பேசும் என்று முதலிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், இப்போது குரலை உயர்த்தினாள்.

"ஏன்டா, அவளுக்கு வாய்தான நோவுது? கையி நல்லாத்தான கீது. எழுந்து வந்து செஞ்சுட்டுப் போய்ப் படுக்கச் சொல்லு."

தமிழ்மணி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது. தாய் வாயால் சொன்னதை மகன் கண்ணால் சொன்னான்.

ஆனந்தி எழுந்தாள். சாந்தம்மாள் நிம்மதியாகப் புளியின் பக்கம் திரும்பினாள். எழுந்தவளோ அடுப்பைத் தொடவில்லை. கணவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தாள். மிச்சமிருந்த வெந்த கிழங்குகளை அவன் முன் தள்ளினாள். இரத்தம் தோய்ந்த பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"கெளறாதீங்க. கரண்டி முதுகால அமுக்குங்க. நான் இன்னிக்கு அடுப்பாண்ட வரமாட்டேன்."

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாந்தம்மாளின் புலம்பலுக்கு நடுவே அவன் அமுக்கினான். கட்டி உடையவில்லை, பால் ஒருபக்கம், வெண்ணெய் ஒருபக்கமாய் நின்றது. பொழுது சாய்ந்தபின் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் ஒரு கவளம் வாயில் வைத்தாள். கட்டியை நாக்கால் நசுக்கி விழுங்கினாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

அவன் எழுந்தான். அடுப்படிக்குப் போனவன் அங்கிருந்தே கேட்டான்:

"உப்பு எங்க கீது?"

இத்தனை ஆண்டுகள் அந்த உப்பைத் தின்றவன் கேட்கிறான்! ஆனந்தி கண்களை மூடிக்கொண்டாள். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் ஓசை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.