தூக்கிப் பார்க்காத கை

அவசரப் பிரிவில் சேர்ந்த மூன்றாவது வாரமே அந்தப் புது நர்ஸுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: எட்டிப்பார். ஒரு கொத்தனாரின் வெட்டுக்காயத்தில் துணியை அழுத்திக்கொண்டிருந்தவள், ரத்தம் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்துவிட்டாள். உறைந்தது பிய்ந்து, அவள் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார், அவள் மானம்தான் பிழைக்கவில்லை. புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தப்புதான். அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, சிரிக்க மட்டும் வந்தது.

"இன்னொரு தடவ தூக்கிப் பாத்தேன்னா, துணி மடிக்கத்தான் நீ லாயக்கு," என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தாள்.

இன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் ஒரு லாரி டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடை இடுக்கில் கத்திக்குத்து. குத்தியது மனைவியின் தம்பி. அக்காவின் பல்லை இவன் உடைத்ததற்குப் பதிலாம். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். ரத்தம் எடுத்து வர ஓடிய தலைமை நர்ஸ், ஓடியபடியே கத்தினாள்: "முஷ்டிய வச்சு அமுக்கு. நான் வர்ற வரைக்கும் எடுக்காத!"

எட்டிப்பார் கட்டில்மேல் ஏறி மண்டியிட்டு, உடம்பு எடை முழுவதையும் முஷ்டியில் இறக்கினாள். சற்றுத் தளர்ந்தாலும் விரலிடுக்கில் சூடாக வழிந்தது. இவன் செத்தால் இனி தன் கையைத் தானே நம்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கதவு படாரென்று திறந்தது. குத்தியவனே வந்து நின்றான்.

"நகரு. பாதியில விட்டுட்டேன்."

"கைய எடுத்தா செத்துருவான்."

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்!"

அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அறைந்தான், உதடு கிழிந்தது. குளுக்கோஸ் மாட்டும் கம்பியைத் தூக்கி முதுகில் போட்டான். விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

மறுபடி ஓங்கியவன் தரையிலிருந்த ரத்தத்தில் வழுக்கி, மருந்து அலமாரியின் கண்ணாடியை உடைத்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டான். வெளியே இழுத்த கையிலிருந்து ரத்தம் சுவர்வரை பீய்ச்சியது. வந்த வீறாப்பெல்லாம் போய், "அக்கா, அக்கா" என்று தரையில் உட்கார்ந்து அலறினான்.

சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அதை மறைப்பதற்கில்லை. பிறகு கட்டில் ஓரத்தில் கிடந்த துணிக்கட்டைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அத வச்சு அமுக்கு. நல்லா அமுக்கு."

அமுக்கினான். பத்து எண்ணுவதற்குள் அவன் விரல்கள் துணியின் ஓரத்தை மெல்லக் கிளப்பின.

"தூக்கிப் பாக்காதடா!"

அந்த அதட்டலில் அவன் அழுகைகூட நின்றுபோனது.

ரத்தப் பைகளோடு வந்த தலைமை நர்ஸ் வாசலிலேயே விக்கித்து நின்றாள். தரையில் ஒருவன் விசும்பிக்கொண்டே தன் கையை அமுக்கிக்கொண்டிருந்தான். கட்டிலில் கிடந்தவனுக்கு இன்னும் மூச்சு இருந்தது.

"வந்துட்டேன்டி. கைய எடு."

எட்டிப்பார் கிழிந்த உதட்டைத் துடைக்கக்கூட அசையவில்லை.

"முதல்ல உங்க கைய வைங்கக்கா. அப்புறம் எடுக்கறேன்."